மகாபலிபுரம் 5.30, மரக்காணம் 11.20

“டீக்குப் பதினஞ்சு நிமிஷமா!”

கரீம் பாஷா கைப்பேசியைத் தள்ளிப் பிடித்து ஒருமுறை, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒருமுறை என்று இரண்டு தரம் படித்துவிட்டார். தப்பில்லை. மணியன் அப்படித்தான் அனுப்பியிருந்தார். ‘பாய், கல்பாக்கத்துல டீக்கு அஞ்சு நிமிசம் பத்தாதுங்க. பதினஞ்சு போடுங்க.’

“ரஹமத், இந்த அநியாயத்தைக் கேளு. ஒரு டம்ளர் டீ குடிக்க ஒரு மனுஷனுக்குப் பதினஞ்சு நிமிஷம் வேணுமாம். டீ குடிக்கப் போறாரா, டீத்தோட்டம் வாங்கப் போறாரா?”

அடுப்படியிலிருந்து ரஹமத் பீவியின் குரல் வந்தது. “சூடா இருக்குமில்ல?”

“சூடா இருந்தா ஊதணும்! அல்லாஹ் வாயை எதுக்குக் குடுத்திருக்கான்?”

“நீங்க வச்சிருக்கிறதைப் பாத்தா ஊதறதுக்குன்னு தோணலையே” என்றாள் அவள்.

கரீம் பாஷாவுக்கு அறுபத்திரண்டு வயது. சேலத்தில் ஒரு தனியார் பஸ் கம்பெனியில் முப்பத்திரண்டு வருடம் டிராஃபிக் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு என்று பதினான்கு பஸ்களுக்கு நேரம் போட்ட கை அது. ஒரு நிமிடம் முந்தி எடுத்துவிட்டான் என்பதற்காக இரண்டு கண்டக்டர்கள் ஒருவர் சட்டையை ஒருவர் கிழித்துக்கொண்டதைக் கண்ணால் பார்த்தவர். அன்று அவர் யாருக்கும் ஆறுதல் சொல்லவில்லை. “ஒரு நிமிஷம்னா சும்மாவா?” என்றுதான் கேட்டார். அப்பேர்ப்பட்டவரிடம் போய்ப் பத்து நிமிடத்தை இனாமாகக் கேட்டால் எப்படி இருக்கும்?

ஓய்வு பெற்ற பிறகு, டாக்டர் சொன்னதால் சைக்கிள் வாங்கினார். ஃபேர்லேண்ட்ஸிலிருந்து ஏற்காடு அடிவாரம் வரை தினமும் காலையில் மிதிக்கிற மூன்று பேர் அவரையும் சேர்த்துக்கொண்டார்கள். ஒருவர் மணியன், சங்ககிரிக்காரர், சொந்தமாக லாரிகள் ஓட்டுகிறார். இன்னொருவர் பழனியம்மாள், மருத்துவமனை ஒன்றில் தலைமை நர்ஸ். மூன்றாவது தனப்பிரியா, கல்லூரியில் வேதியியல் சொல்லிக் கொடுப்பவள், வயதில் எல்லாருக்கும் சிறியவள்.

ஒருநாள் அடிவாரத்து டீக்கடையில் மணியன் ஒரு வீடியோவைக் காட்டினார். அவருடைய லாரி டிரைவர் கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து அனுப்பியது. ஒரு பக்கம் சவுக்குத் தோப்பு, அதற்கு அந்தப் பக்கம் நீலமாகக் கடல், நடுவில் யாரோ நான்கு பேர் வரிசையாகச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார்கள்.

“நாமளும் ஒரு நாளைக்கு இப்பிடிப் போலாமுங்களா?” என்றார் மணியன். “வர ஞாயித்துக்கெழமையே போலாமுங்க. சைக்கிளெல்லாம் நம்ம ஈச்சர் லாரியில ஏத்திக்கலாம். மகாபலிபுரத்துல எறக்கி, பாண்டிச்சேரி வரைக்கும் ஒரே மிதி. பசிச்சாச் சாப்புடலாம், களைச்சா ஒக்காரலாம். அவ்வளவுதானுங்களே?”

அந்த ‘அவ்வளவுதானுங்களே’ கரீம் பாஷாவைச் சுட்டுவிட்டது. தொண்ணூற்றைந்து கிலோமீட்டர். அவ்வளவுதானாம்! முப்பத்திரண்டு வருடத்தில் ‘அவ்வளவுதானே’ என்று சொல்லிவிட்டுக் கிளம்பிய எந்த டிரைவரும் நேரத்துக்கு வந்து சேர்ந்ததில்லை.

“யாராவது ஒருத்தர் பொறுப்பெடுக்கணும்” என்றார். மூன்று பேரும் அவரைத் திரும்பிப் பார்ப்பதற்குள் சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்துவிட்டார்.

இது நடந்து ஐந்து வாரமாகிறது. அட்டவணை இப்போது ஒன்பதாம் திருத்தத்தில் இருந்தது. மகாபலிபுரம் புறப்பாடு 5.30. கல்பாக்கம் வருகை 6.42. டீ. கல்பாக்கம் புறப்பாடு 6.47. மரக்காணம் 11.20. இப்படிப் புதுச்சேரி வரை நான்கு பக்கம். அதில்தான் மணியன் டீ டம்ளரைத் தூக்கி எறிந்திருக்கிறார்.

அன்று மாலையே கரீம் பாஷா பத்தாம் திருத்தத்தை வெளியிட்டார். ‘கல்பாக்கம் டீ நிறுத்தம் ரத்து. டீ ஃபிளாஸ்க்கில் எடுத்துச் செல்லப்படும்.’

மறுநாள் காலை அடிவாரத்தில் மணியன் மெதுவாக ஆரம்பித்தார்.

“ஏனுங்க பாய், ஃபிளாஸ்க்க ஆருங்க தூக்கறது?”

“டீ கேட்டது நீங்க. நீங்கதான் தூக்கணும்.”

“ரெண்டு லிட்டரு ஃபிளாஸ்க்க ஹேண்டில்ல தொங்கவுட்டா வண்டி ஒரு பக்கமா இழுக்குமுங்களே. கடலுக்குள்ள போயிருமுங்க.”

“அங்கிள், நான் டீயே குடிக்க மாட்டேன்” என்றாள் தனப்பிரியா. “எனக்கு இளநீர் போதும்.”

“இளநீரை ஃபிளாஸ்க்ல ஊத்திக் கொண்டுபோனா கெட்டுப்போகுமேம்மா!”

“வழியில வெட்டித் தருவாங்க அங்கிள். ஒரு நிமிஷம் நின்னா…”

“நின்னா!” என்றார் கரீம் பாஷா. ஆற்றில் இறங்கப் போகிறேன் என்று அவள் சொன்னது போல இருந்தது அவர் குரல்.

யோசித்து, அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். சைக்கிள்களை இறக்கிய பிறகு ஈச்சர் வண்டி சும்மா ஏன் புதுச்சேரியில் போய் நிற்க வேண்டும்? பின்னாலேயே வரட்டும். டீ, இளநீர் எல்லாம் அதில் வரும். மணியன் தன் டிரைவரிடம் கேட்டுப் பார்த்தார். மணிக்குப் பதின்மூன்று கிலோமீட்டரில் தொண்ணூற்றைந்து கிலோமீட்டர் ஓட்டச் சொன்னால் வேலையை விட்டுவிடுவேன் என்றானாம் அவன். “இந்தக் காலத்து டிரைவருக்கு நிதானம்னா என்னன்னே தெரியலை” என்று கொதித்தார் கரீம் பாஷா. தெரிந்த காலத்தில் அதே நிதானத்துக்காகப் பல டிரைவர்களுக்கு மெமோ கொடுத்தவர் அவர்தான்.

மணியன் எப்படியோ அவனைச் சம்மதிக்க வைத்தார். வண்டி வரும் என்றதும் பழனியம்மாள் ஒரு சந்தேகம் கேட்டார்.

“பாஷாண்ணா, அஞ்சரைக்குக் கெளம்பறோம். பதினொன்னு இருவது வரைக்கும் உங்க பேப்பர்ல டீயத் தவிர வேற ஒன்னுமே இல்லியே?”

“டீ போதாதா?”

“டீ குடிச்சுட்டு அப்புறம்ணா?”

கரீம் பாஷாவுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் முகம் சிவந்தது. வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, இணையத்தில் எண்களைத் தேடி எடுத்து, கடற்கரைச் சாலையில் இருக்கிற பெட்ரோல் பங்க்குகளுக்கு ஒவ்வொன்றாகப் போன் போட்டார்.

“உங்க பங்க்ல பெண்கள் கழிப்பறை சுத்தமா இருக்குமா?”

“எப்ப சார் வர்றீங்க?”

“அடுத்த மாசம் பதினாலாம் தேதி, காலை எட்டு மணி பதிமூணு நிமிஷத்துக்கு.”

எதிர்முனையில் குரல் சட்டென்று பவ்வியமாயிற்று. “இன்ஸ்பெக்‌ஷனா சார்?”

“அதெல்லாம் உனக்கெதுக்கு? சுத்தமா இருக்குமா, இருக்காதா?”

அரை மணி நேரத்தில் அந்த பங்க்கின் மேனேஜரே திருப்பி அழைத்தார். “சார், வெள்ளையடிக்கச் சொல்லியாச்சு. குழாய் மாத்தறோம். நீங்க எந்த ஆபீஸ்னு மட்டும் சொன்னா…” சாயந்தரத்துக்குள் அவர் மூன்று முறை கூப்பிட்டார். கடைசியில் கரீம் பாஷா எண்ணையே முடக்கிவிட்டார். “அதிகாரி வர்றான்னாத்தான் வெள்ளையடிப்பானுங்களாம். சைக்கிள்ல வர்ற மனுஷனுக்கு அடிக்க மாட்டானுங்களாம். இந்த நாடு எங்க உருப்படும்?” என்று இரவுச் சாப்பாடு முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். ரஹமத் பீவி நாட்டின் சார்பில் பதில் சொல்லாமல் ரசம் ஊற்றினாள்.

அடுத்து காற்று வந்தது. மத்தியானத்துக்கு மேல் அந்தப் பக்கம் தெற்கிலிருந்து காற்று அடிக்கும், தெற்கே போகிறவர்கள் நெஞ்சில் வாங்க வேண்டியிருக்கும் என்று தனப்பிரியா எங்கோ படித்துவிட்டுச் சொன்னாள். கரீம் பாஷா இரண்டு நாள் உட்கார்ந்து முழு அட்டவணையையும் திருப்பிப் போட்டார். புதுச்சேரி புறப்பாடு, மகாபலிபுரம் வருகை. பதினொன்றாம் திருத்தம்.

“அங்கிள், இப்படிப் போனா கடல் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போயிடுமே?” என்றாள் அதே தனப்பிரியா. “நாம இடது பக்கமாத்தான ஓட்டணும்? கடலை விட்டுட்டு வயக்காட்டைப் பாத்துக்கிட்டே போகவா?”

“கடலை நான் தூக்கி இந்தப் பக்கம் வைக்க முடியாதும்மா!”

“தெரியும் அங்கிள். அதான் மொதல்ல போட்டதே நல்லாருந்ததுன்னு…”

பன்னிரண்டாம் திருத்தத்தில் கடல் மறுபடி இடது பக்கம் வந்தது. காற்று கிளம்புவதற்குள் பாதி தூரம் தாண்டிவிட வேண்டும் என்பதால் புறப்பாடு 4.15 ஆனது. அந்நேரத்துக்கு இருட்டில் நாய் துரத்தும் என்றார் பழனியம்மாள். பதின்மூன்றாம் திருத்தத்தில் புறப்பாடு மீண்டும் 5.30 ஆனது. நாய்க்காக ஒரு தனிப் பத்தி சேர்ந்தது.

“பாய், பேப்பரெல்லாம் போதுமுங்க” என்றார் மணியன். “ஏறி மிதிச்சா ஊரு தானா வருமுங்க.”

அங்கேதான் கரீம் பாஷா உறுதி எடுத்துக்கொண்டார். இவர்களை நேராகக் கடற்கரைக்குக் கூட்டிப்போவது ஆபத்து. முதலில் ஒத்திகை வேண்டும்.

ஒத்திகைக்கான பாதையைச் சேலத்திலிருந்து குமாரபாளையம் காவிரிப் பாலம் வரை வகுத்தார். கடலுக்கு நிகராக அந்தப் பக்கத்தில் இருக்கிற தண்ணீர் அதுதான். எல்லாருக்கும் அனுப்பிய தாளில் தெளிவாகவே எழுதியிருந்தார்: ‘மகுடஞ்சாவடியைக் கல்பாக்கமாகக் கொள்ளவும். சங்ககிரியை மரக்காணமாகக் கொள்ளவும். காவிரியைக் கடலாகக் கொள்ளவும்.’ பின்னால் வருகிற ஈச்சரில் சாப்பாட்டுக்குப் பொறுப்பாக ரஹமத் பீவி. டிரைவர் பக்கத்தில், மடியில் தக்காளிச் சோற்றுப் பாத்திரத்தோடு அவள் ஏறி உட்கார்ந்தாள்.

“நான் எந்த ஊருங்க?” என்று கேட்டாள்.

“நீ சப்ளை” என்றார் கரீம் பாஷா.

ஞாயிறு காலை நால்வரும் சர்வீஸ் ரோட்டில் வரிசையாகப் புறப்பட்டார்கள். கரீம் பாஷா கடைசியில், வாயில் விசிலோடு. லாரிகள் உறுமிக்கொண்டு தாண்டிப் போயின. மகுடஞ்சாவடி எல்லை தெரிந்ததும் மணிக்கட்டைப் பார்த்து ஒரு நீள விசில் அடித்தார்.

“நில்லுங்க! நாலு நிமிஷம் முந்தி வந்துட்டோம்.”

“முந்தி வந்தா நல்லதுதானுங்களே பாய்?”

“நல்லதா? முந்தி வர்ற பஸ்ஸும் பிந்தி வர்ற பஸ்ஸும் ஒண்ணுதான். ஊருக்குள்ள நுழையக் கூடாது. இங்கயே நிக்கணும்.”

மூன்று பேரும் ஊருக்கு நூறு அடி வெளியே, ஒரு மர நிழல்கூட இல்லாத இடத்தில், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நான்கு நிமிடம் நின்றார்கள். எதிரே ஒரு டீக்கடையில் ஆவி பறந்தது. மணியன் அதைப் பார்த்த பார்வையில் கல்லும் கரைந்திருக்கும். அது கல்பாக்கத்து டீக்கடை, அங்கே நிறுத்தம் பத்தாம் திருத்தத்திலேயே ரத்து என்று கரீம் பாஷா நினைவுபடுத்தினார்.

சங்ககிரியில்தான் எல்லாம் குட்டிச்சுவராயிற்று. மணியனின் அக்கா கந்தம்மாள் வீடு சாலையை ஒட்டியே இருந்தது. தம்பி சைக்கிளில் வருகிறான் என்று எப்படியோ தெரிந்துகொண்டு அந்த அம்மாள் நடுரோட்டுக்கே வந்து கையை விரித்து நின்றுகொண்டார்.

“ஏஞ்சாமி, இந்த வெயில்ல எங்கீங்க போறீங்க? வாங்க வாங்க, அல்லாரும் ஊட்டுக்குள்ள வாங்க. பணியாரம் ஊத்திக்கிட்டிருக்கறன்.”

“மரக்காணத்துல பன்னண்டு நிமிஷம்தான்” என்றார் கரீம் பாஷா.

மணியன் போனார். பழனியம்மாள் போனார். தனப்பிரியா போனாள். ஈச்சர் டிரைவரும் வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் போனான். ரஹமத் பீவி தக்காளிச் சோற்றையும் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனாள். பன்னிரண்டு நிமிடத்தில் வெளியே வந்துவிடுவார்கள் என்ற நம்பிக்கையில் கரீம் பாஷா மட்டும் சைக்கிள் மேல் உட்கார்ந்தபடி, ஒரு காலைத் தரையில் ஊன்றி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டு நிமிடம் முடிந்ததும் விசில் அடித்தார். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. இருபதாவது நிமிடம் இரண்டு விசில் அடித்தார். சிரிப்பு கூடியது. அதில் ஒரு சிரிப்பு ரஹமத் பீவியுடையது. முப்பத்தாறு வருடக் குடித்தனத்தில் அப்படி ஒரு சிரிப்பை அவர் கேட்டதில்லை. அவருக்கு என்னவோ செய்தது. உடனே அதைக் கோபமாக மாற்றிக்கொண்டார்.

முக்கால் மணி நேரம் கழித்துக் கந்தம்மாள் ஒரு தட்டில் பணியாரத்தோடு வெளியே வந்தார்.

“ஏனுங்க, நீங்க மட்டும் வெயில்ல நின்னுக்கிட்டு இருக்கறீங்களே. உள்ள வந்து ஒக்காந்து ரெண்டு வாய் சாப்புடுங்க.”

“இது மரக்காணம்மா. இங்க உள்ள வந்து உக்கார அட்டவணையில இடமில்லை.”

கந்தம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தார். “இது சங்ககிரிங்களே” என்றார், காய்ச்சல்காரரிடம் பேசுகிற குரலில். பிறகு தட்டைச் சைக்கிளின் பின் கேரியரில் வைத்துவிட்டு, உள்ளே விரைந்தார். “பழனியம்மா, நீ நர்ஸுதான கண்ணு? அந்தப் பாயிக்கு வெயிலு தலைக்கேறிருச்சாட்ட இருக்குது, வந்து பாரு” என்று அவர் சொல்வது வாசல்வரை கேட்டது. தொடர்ந்து எழுந்த சிரிப்பு சங்ககிரி மலைவரை போயிருக்கும்.

மொத்தம் இரண்டு மணி பத்து நிமிடம். அதற்குமேல் குமாரபாளையம் போகத் தெம்பும் இல்லை, பொழுதும் இல்லை. சைக்கிள்களை ஈச்சரில் ஏற்றிக்கொண்டு திரும்பினார்கள். கடலைப் பார்க்காமலேயே ஒத்திகை முடிந்தது. வண்டியில் யாரும் அவரோடு பேசவில்லை. அவரும் பேசவில்லை. பேசாதது யார் என்பதில் அவருக்குக் குழப்பம் இல்லை, அவர்தான்.

அன்று மாலையே நால்வரும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் ஒரு அறிவிப்பு போட்டார். ‘மரக்காணத்தில் ஏற்பட்ட இரண்டு மணி பத்து நிமிடத் தாமதத்துக்கான விளக்கத்தை ஒவ்வொருவரும் மூன்று நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கவும்.’

மணியன் எழுதினார்: ‘பணியாரமுங்க.’

பழனியம்மாள்: ‘அதேதாண்ணா.’

தனப்பிரியா மன்னிப்புக் கேட்டுப் பக்கத்தில் ஒரு சிரிப்புப் பொம்மை போட்டிருந்தாள்.

“விளக்கத்துல பொம்மை போடறா, பாரு! பொம்மை!” என்று கைப்பேசியை ரஹமத் பீவியின் மூக்கருகே நீட்டினார். “இவங்களை வச்சுக்கிட்டு நான் எப்படி ஒரு காரியம் செய்யறது? சொல்லு. யாருக்காகப் பண்றேன்? எனக்காகவா?”

ரஹமத் பீவி பொம்மையைப் பார்த்தாள். “அழகா இருக்கு” என்றாள்.

பதினான்காம் தேதி நெருங்கியது. அட்டவணை பதினேழாம் திருத்தத்தில், நாய் உள்பட எல்லாவற்றுக்கும் இடம் வைத்து, ஒரு முழுமையை எட்டியிருந்தது. வியாழக்கிழமை மாலை மணியனிடமிருந்து போன் வந்தது.

“பாய், தப்பா நெனச்சுக்காதீங்க. ஈச்சரு எஃப்.சி. வேலைக்கு உட்டிருக்குதுங்க. பெயிண்டு காயல. இந்த ஞாயித்துக்கெழம முடியாதாட்ட இருக்குதுங்க.”

கரீம் பாஷா வாயைத் திறப்பதற்குள் அடுத்த அழைப்பு வந்தது. பழனியம்மாள்.

“அண்ணா, எனக்கு டூட்டி மாத்திப் போட்டுட்டாங்க.”

மூன்றாவது தனப்பிரியா. “அங்கிள், ஸாரி. ஞாயித்துக்கிழமை பொண்ணு பாக்க வர்றாங்க.”

“உன்னையா?”

“ஆமா அங்கிள்.”

“உனக்குத்தான் கல்யாணமாகி மூணு வருஷம் ஆச்சேம்மா!”

எதிர்முனையில் ஒரு தடுமாற்றம். “என்னை இல்ல அங்கிள். தங்கச்சியை. தங்கச்சியைப் பாக்க வர்றாங்க.”

“பொண்ணு பாக்க வர்றவனுக்கு என் பதினாலாம் தேதிதான் கெடச்சுதா?” என்று அந்த முகம் தெரியாத மாப்பிள்ளை வீட்டாரையும் சேர்த்து வைதுவிட்டுப் போனை வைத்தார்.

மூன்று பேரும் பதினோரு நிமிடத்துக்குள் கை விரித்துவிட்டார்கள். நேரம் தவறாமல் அவர்கள் செய்த ஒரே காரியம் இதுதான். ஆத்திரத்தோடு குழுவில் எழுதினார்: ‘பயணம் அடுத்த மாதத்துக்குத் தள்ளி வைக்கப்படுகிறது. பதினெட்டாம் திருத்தம் பின்னர் வெளியிடப்படும்.’

மூன்று கட்டைவிரல்கள் அந்தக் கணமே வந்து விழுந்தன. இதுவரை எந்தத் திருத்தத்துக்கும் இவ்வளவு வேகமாகப் பதில் வந்ததில்லை.

“அப்போ ஞாயித்துக்கிழமை நீங்க வீட்டுலதான?” என்றாள் ரஹமத் பீவி. “ஆத்தூர்ல தங்கச்சி ரொம்ப நாளாக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. நாளான்னிக்குப் போயிட்டுத் திங்கக்கிழமை வந்துடறேன். குழம்பு பண்ணி ஃபிரிட்ஜ்ல வச்சிடறேன், சுட வச்சுக்குங்க.”

“போ. எல்லாரும் போங்க” என்றார் கரீம் பாஷா.

ஞாயிற்றுக்கிழமை காலை அவருக்குத் தூக்கம் தானாகவே கலைந்தது. மணி 5.30. இந்நேரம் மகாபலிபுரத்தில் விசில் அடித்திருக்க வேண்டும். ஹாலில் நாற்காலியைப் போட்டு, பதினேழாம் திருத்தத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு ஊராக மனசுக்குள்ளே வந்து போயிற்று. 6.42க்கு எழுந்து போய் டீ போட்டார். ஊதி ஊதிக் குடித்தும் நாக்கு சுட்டது. குடித்து முடித்துக் கடிகாரத்தைப் பார்த்தால் பதினான்கு நிமிடம் ஆகியிருந்தது. வீட்டு டீ வேறு, கடை டீ வேறு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆனாலும் அன்று முழுக்க அந்தப் பதினான்கு நிமிடம் அவரை உறுத்திக்கொண்டே இருந்தது.

8.13க்கு ஒரு எண்ணம் வந்தது. பாவம், அந்த பங்க் மேனேஜர் வெள்ளையடித்துவிட்டு வாசலில் காத்திருப்பாரோ? 11.20க்குச் சங்ககிரிப் பணியாரம் நினைவுக்கு வந்தது. அன்று தட்டைத் தொடாமலேயே திருப்பிக் கொடுத்திருந்தார். மாலை நான்கு மணிக்குப் புதுச்சேரியை அடைந்து, யாரோடும் கை குலுக்காமல், குழம்பைச் சுட வைக்கப் போனார்.

திங்கட்கிழமை மத்தியானம் ரஹமத் பீவி வந்து சேர்ந்தாள். வந்ததும் வராததுமாகக் கரீம் பாஷா தொடங்கிவிட்டார்.

“யோசிச்சுப் பாத்தேன் ரஹமத். தப்பு என் மேலதான். இந்த மூணு பேரை நம்பினேன் பாரு, அது தப்பு. ஒருத்தருக்கு பெயிண்டு காயலையாம். ஒருத்தருக்கு டூட்டியாம். ஒருத்திக்குப் பொண்ணு பாக்கறாங்களாம். கடலைப் பாக்கணும்னு ஆசை இருந்தா இதெல்லாம் ஒரு காரணமா? ஆசை இருக்கறவன் எப்படியாவது போயிட்டு வந்துடுவான். என்ன சொல்றே?”

“உம்” என்றாள் ரஹமத் பீவி, சோபாவில் காலை நீட்டிக்கொண்டு.

“இனிமே யாரும் வேண்டாம். நான் தனியாவே போறேன். தனியாப் போனா யாருக்காகவும் நிக்க வேண்டியதில்ல. யாரு டீ கேப்பாங்க? யாரு இளநீர் கேப்பாங்க? சொல்லு.”

திரும்பிப் பார்த்தார். அவள் வாயைக் கொஞ்சம் திறந்தபடி, மின்விசிறிக்குக் கீழே ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு.

“நான் இங்க நெஞ்சு வெந்து பேசிக்கிட்டிருக்கேன், இவளுக்குத் தூக்கம்!” என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார் கரீம் பாஷா.

நாலு ரோட்டுக்குப் பக்கத்தில் சின்னானின் சைக்கிள் கடை. அவர்கள் எல்லாருடைய வண்டிகளையும் பார்ப்பவர் அவர்தான். வாடகைக்கும் விடுவார். கடை வாசலில் குந்தி உட்கார்ந்து, பல்துலக்கும் பிரஷ்ஷால் ஒரு செயினைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“சின்னான், என் வண்டியை உடனே சர்வீஸ் பண்ணணும். செயின், பிரேக், எல்லாம்.”

“எங்கீங்க பாய், தூரமாப் போறீங்களா?”

“கடற்கரைக்கு. மகாபலிபுரத்துலருந்து பாண்டிச்சேரி. தனியா.” கரீம் பாஷா வண்டிக்கு ஸ்டாண்டைப் போட்டார். “ஏன் தனியான்னு கேளு. மூணு மாசமா ராத்திரி பகலா உக்காந்து திட்டம் போட்டேன். பதினேழு தடவை மாத்தினேன். எதுக்கு? இந்த ஊர்ல சைக்கிள் மிதிச்சுக் கடலைப் பாக்கற துணிச்சல் ஒருத்தருக்குக் கூட இல்ல, சின்னான். ஒருத்தருக்குக் கூட! எல்லாம் வாய்ப்பேச்சு. கடைசி நேரத்துல காலை வாரிட்டாங்க. நீ என் வண்டியை மொதல்ல எடு.”

சின்னான் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு, ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு, சுவரோரம் சாய்த்திருந்த சைக்கிள்களை விரலால் எண்ணினார்.

“கொஞ்சம் பொறுங்க பாய், நேத்துக் கடலோரமாப் பாண்டிச்சேரி வரைக்கும் போயிட்டு வந்த நாலு வண்டியில மூனுக்கு உப்புத் தேச்சு எடுத்துட்டனுங்க, உங்களுதுக்கு முன்னால இன்னும் ஒன்னே ஒன்னுதான் பாக்கி, அது உங்க ஊட்டம்மா ஓட்டிட்டுப் போனதுங்க.”